கண்ணுக்குப் படித்த இங்கிலீஷ்

பணி ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆன ஆளை யாரும் எதற்கும் தேடுவதில்லை. அதனால் போன மாதம், எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் போன் செய்து, "சார், கண்ணு சம்பந்தமான இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க. அதுல நீங்கதான் கெட்டின்னு இங்க எல்லாரும் சொல்றாக" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது, "அதான் சொன்னீகளே, போய் எழுதுங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். ஐலிட் என்றால் இமை. ஐலாஷ் என்றால் இமைமுடி. கார்னியா என்பது கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம். ஐரிஸ், பியூப்பில், லென்ஸ், ரெட்டினா. கேடராக்ட் என்றால் புரை. இப்படியே மளமளவென்று போனவன் பதினேழாவதாக விஷுவல் ஃபீல்ட் என்று எழுதினேன். பொருள் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொருள் தெரியாமல் இல்லை. அந்த வார்த்தைக்குப் பொருளை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. லிஸ்ட் அதோடு நின்றது. அதற்குப் பதிலாக இதை அந்தப் பெண்ணுக்கு அனுப்புகிறேன். மீதி வார்த்தைகள் புத்தகத்தில் இருக்கின்றன.

நான் கண் மருத்துவ உதவியாளர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பார்வை பார்ப்பது, கண்ணாடிக்கு எழுதுவது, புரை இருப்பவர்களைக் கண்டுபிடித்து அறுவை சிகிச்சைக்கு அனுப்புவது, ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துவது என் வேலை. டாக்டர் அல்ல. ஆனால் திருச்சுழிப் பக்கத்து ஜனங்கள் என்னைக் கண்ணு டாக்டர் என்றார்கள். முதல் வருஷம் மறுத்தேன். இரண்டாம் வருஷம் மறுப்பதை நிறுத்தினேன். மூன்றாம் வருஷம் யாராவது வெறும் சார் என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிப்போனது.

என் அப்பா மிளகாய்க் காட்டுக்கும் கொத்துமல்லிக் காட்டுக்கும் கூலிக்குப் போனவர். எங்கள் வகையறாவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷில் முதல் தடவை கவிழ்ந்து, இரண்டாம் தடவை பாஸ் மார்க்குக்கு மேலே மூன்று மார்க் வாங்கிக் கரையேறினேன். பிறகு மதுரையில் இரண்டு வருஷப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருஷம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் வருஷம் புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகினேன்.

ஒன்றை மட்டும் அங்கே கண்டுபிடித்தேன். இங்கிலீஷ் முழுவதும் கடல்தான், ஆனால் கண்ணுக்கு உண்டான இங்கிலீஷ் ஒரு கிணறு. நானூறு வார்த்தை இருந்தால் அதிகம். அதைத் திறமாகக் கற்றுக்கொண்டால், கற்றவன் மற்ற இங்கிலீஷும் தெரிந்தவன் என்று ஊர் நம்பிவிடும். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வார்த்தையாக எழுதிப் படித்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைக் கசக்கினால், "கன்ஜங்டிவைட்டிஸா இருக்கும்ணே" என்பேன். அவர் பயந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொள்வார். நாற்பத்திரண்டு வயதில் பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கத் தொடங்கியபோது மனைவியிடம், "எனக்கு ப்ரெஸ்பயோபியா வந்துருச்சு" என்று பெருமையோடு அறிவித்தேன். "அதுக்குக் கண்ணாடி போடணும்ல, போடுங்க. பேரு எதுக்கு" என்றாள். வீட்டில் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

வெளியே நிலவரம் வேறு. பாளையம்பட்டி முகாமில் ஒரு சம்சாரியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இம்மெச்சூர் கேடராக்ட்" என்றேன். அவர் விழித்ததைக் கண்டு, "புரை இன்னும் முத்தல" என்று இறங்கி வந்தேன். முத்திய பிறகுதான் அறுவை செய்வது அந்தக் காலத்து வழக்கம். அவர் அதை வெள்ளாமை விஷயமாக எடுத்துக்கொண்டார். "எத்தன மாசத்துல முத்தும்? மல்லி எடுத்துட்டு வந்தா சரியா இருக்குமா?" என்றார். பிறகு மாதம் ஒரு தடவை, காட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர் போல வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்து காட்டுவார். "இப்ப எப்படி?" என்பார். நான் இங்கிலீஷில் ஒன்று சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார். எங்கள் இருவருக்கும் அதில் திருப்தி.

பார்வை அளவுக்கு இங்கிலீஷில் இருக்கும் படிக்கட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். நல்ல பார்வைக்கு 6/6. அதாவது, பார்க்க வேண்டியதை ஆறு மீட்டரில் இருந்தே பார்த்துவிடுவது. 6/60 என்றால், மற்றவர் அறுபது மீட்டரில் பார்ப்பதை இவர் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் பார்ப்பார். அதற்கும் கீழே போனால் கவுண்டிங் ஃபிங்கர்ஸ், விரலைக் காட்டினால் எண்ணிச் சொல்வார். அதற்கும் கீழே ஹேண்ட் மூவ்மெண்ட்ஸ், கை அசைவது மட்டும் தெரியும். கடைசிப் படி பெர்செப்ஷன் ஆஃப் லைட், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துச் சுருக்கம் உண்டு. எனக்குச் சுருக்கங்கள் மேல் தனிப் பிரியம். இரண்டே எழுத்தில் ஒரு மனுஷன் படும் பாட்டை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடும்போது, நானும் பெரிய டாக்டர்தான் என்று தோன்றும்.

இந்த நிலையில்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டராக டாக்டரம்மா வந்து சேர்ந்தார். புதன்கிழமைகளில் நான் அவருக்கு உதவியாக அங்கே போக வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். உயரம் குறைவு, குரலும் குறைவு. அவர் பேசும்போது கேட்க வேண்டும் என்றால் அறையில் மற்றவர்கள் வாயை மூட வேண்டும். அதனாலேயே மூடினார்கள். நோயாளியின் நாற்காலி உயரத்துக்குத் தன் ஸ்டூலைத் திருகி இறக்கிய பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். "அடுத்து" என்று கத்த மாட்டார், பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். பார்வை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கூட வந்தவரிடம் திரும்பி, "வீட்டுல எப்படி இருக்காக?" என்று ஒரு கேள்வி கேட்பார். இந்தக் கேள்வியில் கண் எங்கே வருகிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வந்த மாதமே கேஸ் ஷீட்டையும் முகாம் அட்டையையும் மாற்றி அச்சடிக்க வைத்தார். மேலே பாதிப் பக்கத்துக்கு ஒரு கட்டம். தலைப்பு, "அவர் சொன்னது சொன்னபடி". அதற்குக் கீழேதான் பார்வை அளவு, அழுத்தம், மற்றது எல்லாம். என்னிடம் சொன்னார்: "கருப்பசாமி, மேல உள்ளது அவுக எடம். அவுக வாய்ல வந்த தமிழ் அப்படியே வரணும். கீழ உள்ளது நம்ம எடம். அங்க என்ன இங்கிலீஷ் வேணும்னாலும் எழுதிக்கோங்க."

எனக்கு நெஞ்சு கொதித்தது. படாத பாடு பட்டு இங்கிலீஷ் படித்தவனை, 'மசமசங்குது', 'பூச்சி பறக்குறாப்புல இருக்கு', 'கண்ணு நமநமங்குது' என்று எழுதச் சொன்னால் எப்படி இருக்கும். இரண்டு வாரம் எழுதினேன். மூன்றாம் வாரம் முதல் அந்தக் கட்டத்தில் டி.வி. என்று இரண்டு எழுத்து எழுதத் தொடங்கினேன். டிஃபெக்டிவ் விஷன், பார்வைக் குறைவு. வந்தவர்கள் எல்லோருக்கும் டி.வி. பெரிய கட்டத்தின் நடுவில் இரண்டு சின்ன எழுத்து, அதைச் சுற்றி வெள்ளைக் காகிதம்.

அவர் ஒரு கட்டுத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தாலுகாவுல எல்லாருக்கும் ஒரே குறைதானா?" என்று கேட்டார். "ஆமா மேடம்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அந்த வாரமே வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வந்தார். நான் டி.வி. போட்டு உள்ளே அனுப்பினேன். டாக்டரம்மா அவரிடம், "என்ன செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். "நேரா இருக்க ஜன்னல் கம்பி எனக்கு வளஞ்சு தெரியுதும்மா. போய்த் தடவிப் பாத்தா நேராத்தான் இருக்கு" என்றார் பாய். அந்த ஒரு வரியை வைத்தே ரெட்டினாவின் நடுப்பகுதியில் கோளாறு என்று பிடித்துவிட்டார். நான் வியந்தேன். வியந்துவிட்டு, அடுத்த ஆளுக்கு டி.வி. எழுதினேன்.

பந்தல்குடி முகாமைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி ரோட்டில் ஓடும் லாரி டிரைவர்களுக்காக ஒரு சங்கத்தார் ஏற்பாடு செய்த முகாம். ரோட்டோரம் பந்தல், இரண்டு மேஜை, நான். டாக்டரம்மா வரவில்லை. அன்று நான்தான் சர்வாதிகாரி.

பார்வை பார்ப்பதில் நான் சோடை போனவன் இல்லை. ஆறு மீட்டருக்குக் கயிறு பிடித்து அளந்து போர்டை மாட்டுவேன். வெயில் போர்டில் விழ வேண்டும், ஆளின் கண்ணில் விழக் கூடாது. ஒரு கண்ணை மூட உள்ளங்கையைக் கொடுத்தால் விரலிடுக்கு வழியாகப் பார்ப்பார்கள், அதனால் அட்டை கொடுப்பேன். வரிசையில் நிற்பவர்கள் முன்னால் போனவர் சொன்னதை மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதனால் நடுவரியில் இருந்து கேட்பேன், பின்பக்கமாகக் கேட்பேன். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதவர்களுக்கு நாலு திசையிலும் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஈ எழுத்துப் போர்டு. கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும்.

முத்திருளப்பன் நாற்பத்தாறு வயது டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக லாரி. போர்டின் கடைசி வரி வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். இரண்டு கண்ணும் 6/6. கிட்டத்தில் படிக்க மட்டும் சிரமம், அந்த வயதுக்கு அது வழக்கம்தான். அட்டையில் 6/6 என்று எழுதும்போது நானே அவருக்குப் பார்வை கொடுத்தது போல ஒரு சந்தோஷம். கூட வந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், இவுகளுக்கு எதுத்தாப்புல வாரது எல்லாம் தெரியுது. பக்கத்துல உள்ளதுதான் தெரிய மாட்டேங்குது. சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல தண்ணிச் சொம்ப வச்சா தட்டிவிட்டுர்றாக. நடையில கதவு நிலையில இடிச்சுக்கிறாக. நான் பக்கவாட்டுல வந்து நின்னா யாரோன்னு திடுக்கிடுறாக."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். பந்தலில் முப்பது டிரைவர்கள் இருந்தார்கள். இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது.

"கட்டுன பொண்டாட்டி திடீர்னு பக்கத்துல வந்து நின்னா எந்தப் புருஷனும் திடுக்கிடத்தாம்மா செய்வான். அதுக்கு மருந்து கெடையாது" என்றேன்.

பந்தல் சிரித்தது. முத்திருளப்பனும் சிரித்தார். பேச்சியம்மாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு நகர்ந்தார். நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்பது விதி. பெட்டியில் கருவி இருந்தது. ஆனால் ஒவ்வொருவரையும் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும், சங்கத்தார் சாப்பாட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள், இவருக்கோ 6/6. அவர் சொன்னது சொன்னபடி என்ற கட்டத்தில் டி.வி. என்று எழுதி, படிக்கும் கண்ணாடிக்கு நம்பர் போட்டு, அட்டையைக் கையில் கொடுத்தேன். பிரியாணி நன்றாக இருந்தது என்பது உட்பட அன்றைய நாள் எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை இருவரும் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கும் அவர்களைத் தெரியவில்லை. பேச்சியம்மாள் மஞ்சப்பையில் இருந்து நாலாக மடித்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். விரித்தேன். கையெழுத்துத்தான் முதலில் தெரிந்தது. அழகான கையெழுத்து.

"ரோட்டுல எடதுபக்கமா மொபெட்ல வந்தவன இவுக பாக்கல சார். அவனுக்குக் காலு ஒடிஞ்சுபோச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஓனரு வண்டியக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. கண்ணப் பாத்து எழுதிட்டு வான்னுட்டாரு" என்றார்.

டாக்டரம்மா அறுவை அரங்கில் இருந்தார். நான் அட்டையை மடித்து மேஜையில் வைத்து, அதன்மேல் ரெஜிஸ்டரை வைத்து, ரெஜிஸ்டர் மேல் என் கையையும் வைத்துக்கொண்டேன். "உக்காருங்க, மேடம் வந்துருவாக" என்றேன். அரைமணி நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. வேறு எந்த வேலையிலும் நான் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

டாக்டரம்மா வந்து ஸ்டூலை இறக்கி உட்கார்ந்தார். கதையைக் கேட்டார். பிறகு என்னிடம், "ஃபீல்டு பாருங்க" என்றார். பரீட்சையில் நான் அதை ஒரு பக்கத்துக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆள்மேல் செய்து பார்த்தது இல்லை. அவருக்கு நேர் எதிரே, முழங்கால் தொடும் தூரத்தில் உட்கார்ந்தேன். அவர் இடதுகண்ணை மூட, நான் வலதுகண்ணை மூடினேன். "என் கண்ணையே பாருங்கண்ணே. விரல் எப்ப தெரியுதோ அப்பச் சொல்லுங்க." கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரலை அசைத்துக்கொண்டே உள்ளே கொண்டுவந்தேன். எனக்கு விரல் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. இன்னும் உள்ளே வந்தேன். தெரியவில்லை. விரல் ஏறத்தாழ எங்கள் இருவர் மூக்குக்கும் நடுவில் வந்தபோதுதான், "ஆங், இப்பத் தெரியுது சார்" என்றார். மேலே, கீழே, அந்தப் பக்கம், மறு கண், எல்லாம் அப்படித்தான். அவ்வளவு நேரமும் அவர் கண் என் கண்ணைவிட்டு நகரவில்லை. சொன்னபடி செய்கிற மனுஷன்.

அடுத்து அழுத்தம். படுக்க வைத்து, கண் மரத்துப்போகச் சொட்டு விட்டேன். அவர் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லி அதையே பார்க்கச் சொன்னேன். இமையை விலக்கும் விரல் எலும்பின்மேல்தான் இருக்க வேண்டும், கண்ணில் அழுந்தினால் கணக்குத் தப்பாகிவிடும். ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்த கருவியைக் கருவிழியின் மேல் நேராக நிறுத்தினேன். அதில் முள் குறைவாக நகர்ந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். முள் ஒன்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

க்ளாக்கோமா. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பின்னால் இருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வலிக்காது. ஓரப் பார்வையை முதலில் எடுத்துக்கொள்ளும். நடுப்பார்வை கடைசிவரை 6/6 ஆகவே இருக்கும். இது எல்லாம் என் நோட்டில் பச்சை மையில் அடிக்கோடிட்டு இருந்தது.

"முன்னாடி எங்கயாவது காட்டுனீகளா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பந்தல்குடி முகாம்ல காட்டுனோம்மா. அட்டைய சார்கிட்ட குடுத்தேன்" என்றார் பேச்சியம்மாள்.

கையை எடுத்தேன், ரெஜிஸ்டரை எடுத்தேன், அட்டையை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா அதைப் பார்த்தார். கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மேல் கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு அவுகளுக்குத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க."

எழுந்து நின்றேன். "பார்வைக் குறைவு" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் எழுதல மேடம்."

பேச்சியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது அடையாளம் தெரிந்துவிட்டது. "நான் சொன்னேனே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கேயோ தான்தான் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க எல்லாம் சொன்னீகம்மா. சொம்பு, நிலை, பக்கத்துல வந்து நின்னா திடுக்கிடுறது, எல்லாம் சொன்னீக. நான்தான் எழுதல. கேலி பேசி அனுப்பிட்டேன். அழுத்தமும் பாக்கல. தப்பு என்னோடது" என்றேன். நானூறு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தவன் என் வாழ்க்கையில் ஒழுங்காகப் பேசிய தமிழ் அதுவாகத்தான் இருக்கும்.

முத்திருளப்பன் கேட்டார். "அன்னைக்கே பாத்திருந்தா?"

"மருந்து அன்னைக்கே தொடங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்."

"போனது திரும்ப வருமா?"

டாக்டரம்மா பதில் சொன்னார். "வராதுண்ணே. இருக்கிறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒரு நாள் விடாம ஊத்தணும், அழுத்தம் கேக்கலேன்னா ஆபரேஷன். வண்டி மட்டும் இனிமே வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணுல என்ன ஆகியிருக்குன்னு நீங்க வெளக்கிச் சொல்லுங்க" என்றார்.

"உங்க விஷுவல் ஃபீல்டு..." என்று தொடங்கினேன். கன்ஸ்ட்ரிக்டட், பெரிஃபெரல், ட்யூபுலர் என்று இங்கிலீஷ்தான் வரிசையாக வந்து நின்றது. கையை இரண்டு பக்கமும் விரித்து, பிறகு குறுக்கிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"முன்கண்ணாடி இருக்கு. சைடு கண்ணாடி ரெண்டும் கழண்டுபோச்சு. அதான சார்?"

"அதேதாண்ணே" என்றேன்.

பதினேழாவது வார்த்தைக்கு இன்றுவரை இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. அதன்பிறகு பணி ஓய்வு பெறும்வரை, எந்த ஊர் ஆளுக்கும் அதை அப்படித்தான் சொன்னேன். லாரியைக் கண்ணால் பார்க்காத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. டாக்டரம்மா என்மேல் மெமோ எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்குப் பதில் எழுதி, தண்டனையை வாங்கிக்கொண்டு, கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்திருப்பேன். அதைத் தெரிந்தே அவர் எழுதவில்லை என்று நினைக்கிறேன். முத்திருளப்பன் இப்போது பந்தல்குடி ரோட்டோரத்தில் மச்சினனோடு சேர்ந்து தார்ப்பாயும் கயிறும் விற்கிறார். சொட்டு மருந்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அந்த மிச்சப் பார்வை இன்னும் இருக்கிறது.

இளையவர்களுக்கு ஒன்று. இப்போது உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டில் நோயாளியின் குறை என்ற இடத்தைத் தொட்டால் ஆறு இங்கிலீஷ் வார்த்தைகள் இறங்குகின்றன, ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்த வசதி இல்லாமலேயே இவ்வளவு செய்ய முடிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நாள் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்து என்முன் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நான் ஸ்டூலைத் திருகி இறக்கினேன். "அம்மா, அன்னைக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. எழுதிக்கிறேன்" என்றேன்.

பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அந்த அம்மா சொல்லத் தொடங்கினார். சொம்பைத் தட்டிவிடுவது. நிலையில் இடிப்பது. படிக்கட்டில் கடைசிப் படியைத் தவறவிடுவது. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய சம்பந்தி யார் என்று தெரியாமல் முழித்தது, அதற்கு அவர் கோபித்துக்கொண்டு போனது. மகள் மாலையில் வந்து பக்கத்தில் நின்றுகொண்டே இருக்க, "இன்னும் வரலையா?" என்று கேட்டது. நான் ஒவ்வொன்றையும் அவர் வாயில் வந்தபடியே எழுதினேன். முந்திப் போனால், "மெதுவாம்மா" என்றேன். கட்டம் நிறைந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று பேனாவை மூடப் போனேன்.

"இன்னொண்ணு சார். நேரா வந்து நின்னா என் மூஞ்சி தெரியுதுங்கிறாக. அதையும் எழுதிக்கோங்க."

"மூக்குத்திக் கல்லு வரைக்கும் தெரியுது சார்" என்றார் முத்திருளப்பன்.

இரண்டையும் எழுதினேன்.